பால் மறக்காதவன்

அம்மா கேக் சாப்பிட்டால் அவள் மகன் கண்ணாடிக்காரனுக்கு எடை கூடும். அவள் வீடு ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம், அவன் வீடு இந்தப் பக்கம், நடுவில் பதினோரு தெரு. ஒரு துண்டுக்கு முந்நூறு கிராம், கிரீம் வைத்ததாக இருந்தால் நானூறு. பழக் கேக்கென்றால் திராட்சையைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும். தின்றவளுக்கோ ஒரு கிராம் ஏறியது கிடையாது. இந்த விஷயம் அந்தக் குடும்பத்துக்குப் பிடிபடவே நாற்பது வருஷம் ஆயிற்று.

அவன் பிறந்த சமயம் அவள் கேக் தொழிற்சாலையில் கிரீம் பிரிவில் இருந்தாள். வரிசையாக நகர்ந்து வரும் கேக்குகளின் தலையில் ரோஜாப்பூப் பிழிகிற வேலை. சாப்பாட்டு நேரம் முழுக்கக் குழந்தைகள் அறைக்கு ஓடிப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடிவருவதிலேயே போய்விடும். கைக்குக் கிடைத்தது மூலை உடைந்த கேக்தான். பால் கொடுக்கிறவளின் பசி லேசுப்பட்டதில்லை. பிள்ளை குடிக்கக் குடிக்க அவள் தின்றாள்; அவள் தின்னத் தின்னப் பிள்ளை கொழுகொழுவென்று ஆனான். பார்த்தவர்களெல்லாம் கன்னத்தைக் கிள்ளினார்களே தவிர, ஒருவரும் குறை சொல்லவில்லை. பதினோராம் மாதத்தில் ஒரு நாள் பிள்ளை தானாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு நாற்காலியை நோக்கித் தவழ்ந்து போய்விட்டான். பால் மறக்கடிக்கும் பாடு மிச்சம் என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

வளர்ந்தவன் உயரமான கட்டடங்களின் ஜன்னல் கண்ணாடி துடைக்கப் போனான். கயிற்றில் தொங்கும் பலகையில் நின்றுகொண்டு, உள்ளே வேலை பார்ப்பவர்களை மேலிருந்து கீழாக மாடி மாடியாகப் பார்த்துக்கொண்டு வருவது அவனுக்கு உயிர். பலகையில் சிவப்பு எழுத்தில் ‘தொண்ணூறு கிலோ வரை’ என்று எழுதியிருக்கும். காலையில் எண்பத்தொன்பதே முக்காலாக ஏறுவான். நாலு மணிக்குக் கயிறு முனகும். ஒருமுறை ஏழாம் மாடியிலிருந்து ஆறாம் மாடிக்கு வருவதற்குள் சட்டைப் பொத்தான் தெறித்து, திறந்திருந்த ஜன்னல் வழியே ஒரு மேலாளரின் காபியில் விழுந்தது. இன்னொரு தடவை கயிறு முனகினால் தரை துடைக்கத்தான் போக வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அவன் பயந்துபோய் டாக்டரிடம் ஓடினான். ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் போட்டி போட்டுக்கொண்டு ஏறியிருந்தன.

“என்ன சாப்பிடுறீங்க?”

“வெள்ளரிக்காய், சார்.”

“அது கூட?”

“தண்ணி.”

டாக்டர் முப்பது வருஷமாகப் பொய் கேட்டுப் பழகியவர். மாத்திரை எழுதினார்.

அவன் மனைவி தையல்காரி. அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மணிக்கொரு தரம் கணவனின் இடுப்பை அளந்து, நாலு மணிக்குத்தான் வம்பு நடக்கிறது என்று கண்டுபிடித்தாள். மறுவாரம் அதே நேரத்துக்கு ஒரு கையில் டேப்பும் ஒரு கையில் போனுமாக நின்றாள். டேப்புக்கு நடுவில் கணவன் இருந்தான்.

“அத்தை, இப்ப என்ன பண்றீங்க?”

“டீ குடிக்கப் போறேன்.”

“சும்மா டீயா?”

“ஒரு துண்டு கேக்கும் இருக்கு. ஏம்மா, அதுக்கும் கண்ணு வச்சாச்சா?”

“ஒரு வாய் சாப்பிடுங்க.”

டேப் கால் அங்குலம் நகர்ந்தது. இன்னொரு வாய்க்கு இன்னொரு கால்.

விஷயம் தெரிந்ததும் அம்மா அழுதுவிட்டாள். “நான் பசிக்குத்தானேம்மா தின்னேன்,” என்றாள். அன்றிலிருந்து அம்மா வெந்நீரைத் தவிர எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் கண்ணாடிக்காரன் ஒன்பதாம் மாடியில் பலகையை விட்டுக் கிளம்பி, காற்றில் மிதந்து, எதிர்க் கட்டடத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு கூட்டத்துக்குள் ஜன்னல் வழியாகப் போய்ச் சேர்ந்தான். அங்கே ஒரு நாற்காலி காலியாக இருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த முறை டாக்டர் மூன்று பேரையும் உட்காரவைத்தார். “பால் குடிக்கிற வயசுல அம்மா சாப்பாட்டப் பாத்துத்தான் சர்க்கரையையும் கொழுப்பையும் என்ன பண்றதுன்னு குழந்தை உடம்பு கத்துக்குது. உங்க உடம்பு இன்னும் அங்கயே பாத்துக்கிட்டு இருக்கு. பால் மறக்கடிச்சது யாரு?”

“யாரும் இல்ல. அவனே விட்டுட்டான்,” என்றாள் அம்மா.

“அவர் விட்டா ஆச்சா? நீங்க விடலையே. அவர் கை நீட்டிக் கேக்கணும். நீங்க ஒரே ஒரு தடவை ‘கிடையாது போ’ன்னு சொல்லணும். அப்புறம் நீங்க எதை வேணா சாப்பிடலாம், அவருக்கு ஒட்டாது.”

அம்மா நாலு நாள் பயிற்சி எடுத்தாள். கண்ணாடி முன் நின்று சொன்னாள். பூனையிடம் சொன்னாள், பூனை கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து வாசலில் நின்று கை நீட்டினான். “அம்மா, குடு.” அம்மா மூச்சை இழுத்துப் பிடித்து வாயைத் திறந்தாள்.

“சாப்பிட்டியா?”

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு, “என்னடா இப்படிக் கறுத்துட்ட?” என்று வந்தது. மூன்றாம் ஞாயிறு, நீட்டிய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் வேறு வழியில்லாமல் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சீட்டில் எழுதிக்கொடுத்தார்: மாத்திரை மகனுக்கு, பத்தியம் அம்மாவுக்கு.

இப்போது அம்மா அவித்த காய்கறியை முகத்தைச் சுளித்துக்கொண்டு மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். காலையில் பூங்காவை நாலு சுற்றுச் சுற்றுகிறாள். பதினோரு தெரு தள்ளி மகனுக்கு வேர்க்கிறது. கயிறு முனகுவதில்லை. மாதத்தில் ஒரு நாள் அவன் லீவு போட்டுவிட்டு, இடுப்பு வாரைத் தளர்த்தி சோபாவில் சாய்ந்துகொண்டு போன் செய்வான். “அம்மா, இன்னைக்கு நான் தரையிலதான் இருக்கேன். நல்லா சாப்பிடு.” வாய் நிறைய கேக்கோடு அவள் என்னவோ சொல்வாள், ஒன்றும் புரியாது. மாலைக்குள் தொண்ணூற்றிரண்டு கிலோ ஆகிவிடுவான். மறுநாள் காலையில் அம்மா நடந்தே குறைத்துவிடுவாள்.