சாப்பாட்டுக்கு முன்னால் லாரி

மூட்டை தூக்குகிறவன் இடுப்பு வாரை இறுக்காமல் மூட்டையைத் தொடமாட்டான். எங்கள் கிடங்கில் முற்பகல் முழுக்கக் கிழிந்த மூட்டைகளைத் தைப்போம். அதற்குள் லாரி வந்து வாசலில் நிற்கும். மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டு, கை கழுவிய ஈரம் காயும் முன்பே வாரை மூச்சு முட்டும்வரை இழுத்துக் கட்டிக்கொண்டு மூட்டை இறக்கக் குனிவோம். எல்லோருக்கும் நெஞ்சு எரியும். அது இந்த வேலையோடு ஒட்டிப் பிறந்தது என்று நினைத்திருந்தோம்.

விழுங்கிய கவளம் நெஞ்சுக்குள் நிற்க ஆரம்பித்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, துளி சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா படத்தைக் காட்டினார். உணவுக்குழாய் வெளுத்திருந்தது. இரைப்பையை நெருங்கும் இடத்தில் மட்டும் செக்கச்செவேலென்று ஒரு திட்டு.

"இது புற்றுநோய் இல்ல. ஆனா சில பேருக்குப் பின்னால அப்படி மாறலாம். வயித்துப் புளிப்பு மேல ஏறி ஏறி, குழாயோட தோலே மாறிப்போச்சு."

"எரிச்சல் நின்னுட்டா சரியாயிடுமாம்மா?"

"அங்கதான் எல்லாரும் ஏமாந்துடறாங்க. மாத்திரைல எரிச்சல் அடங்கும், திட்டு இருக்கும். அது என்ன பண்ணுதுன்னு அப்பப்பக் குழாய் விட்டுப் பாக்கணும். சாப்பிட்டதும் படுக்காதீங்க, குனியாதீங்க, வயித்த இறுக்கிக் கட்டாதீங்க. ஆமா, என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டில் மனைவி கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு மரக்கட்டை வைத்து உயர்த்தினாள். "ராஜா மாதிரி சாஞ்சு படுங்க. வழுக்கிக் கீழ வந்தா நான் பொறுப்பில்ல" என்று சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

வீடு சரி. கிடங்கு?

வாரில்லாமல் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டால், மூட்டை மறுமுனையைப் பிடித்திருப்பவன் காலில் விழும். வாரை விட முடியாது; சாப்பாட்டைத்தான் நகர்த்த வேண்டும். மேஸ்திரியிடம் போனேன்.

"முதல்ல லாரிய இறக்கிடுவோம். அப்புறம் சாப்பிட்டு, உக்காந்து தையல் போடுவோம்."

"வெறும் வயித்துல தூக்கறதா? யோவ், உனக்கு நோவுன்னா ஊரே பட்டினி கிடக்கணுமா?"

"காலைல நல்லாச் சாப்பிட்டு வர்றேன். யாரும் வர வேணாம். எனக்கும் ஜோடிக்கும் மட்டும் விடுங்க."

"என்னமோ பண்ணித் தொலை" என்றார் மேஸ்திரி.

மூட்டையின் மறுமுனை பிடிக்கும் என் ஜோடியை எல்லோரும் ஒட்டகம் என்பார்கள், அவ்வளவு உயரம். "என்னை ஏன்டா இழுக்கற? எனக்குப் பசிச்சா கண்ணு தெரியாது" என்றான்.

வாரை மாட்டிக்கொண்டு லாரிக்குப் போய், ஒரு மூட்டையைத் தனியாக முதுகில் ஏற்றினேன். தள்ளாடித் தள்ளாடிக் கிடங்குக்குள் கொண்டுபோய் இறக்கினேன். இரண்டாவதைப் புரட்டும்போது மறுமுனை தானாக எழும்பியது.

"தனியாத் தூக்கி நீ மண்டையப் போட்டா உன் பொண்டாட்டி என்னைத்தான் திட்டுவா. பிடிடா."

அன்றிலிருந்து எங்கள் லாரி சாப்பாட்டுக்கு முன்னால் இறங்கியது. கேலிக்குக் குறைவில்லை, "மாப்பிள்ளையும் பொண்ணும் விரதம்" என்றார்கள். சில வாரங்களில் ஒட்டகத்துக்குப் புளித்த ஏப்பம் குறைந்தது. அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. மேஸ்திரியைக் கேட்காமலே இன்னொரு ஜோடி எங்களோடு சேர்ந்துகொண்டது.

மறு சோதனை நாள் வந்தபோது எனக்கு எரிச்சல் என்பதே மறந்துபோயிருந்தது.

"எரியலைல்ல? அப்புறம் எதுக்குடா போய் வாயில குழாய விட்டுக்கற?" என்றான் ஒட்டகம்.

"எரியலைங்கறதாலதான் போறேன். அது சத்தம் போடாது. நாமதான் எட்டிப் பாக்கணும்."

போனேன். குமட்டியது, கண்ணீர் வழிந்தது, பல்லைக் கடிக்கக்கூட வழியில்லை, குழாயைக் கடித்துவிடாதிருக்க வாயில் வளையம். சதைச் சோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டார்.

"திட்டு இருக்கு. வளரல. கெட்ட மாற்றம் எதுவும் இல்ல."

"போகாதாம்மா?"

"போகாமலே இருக்கலாம். மூணு வருஷம் கழிச்சுத் திரும்பப் பாக்கணும். நீங்களும் விடாம இருங்க."

மறுநாள் மேஸ்திரியிடம் அடுத்த சோதனைக்கு லீவு சொன்னேன்.

"அதுக்கு இன்னும் வருஷக்கணக்குல இருக்கேய்யா!"

"இருக்கட்டும். அன்னிக்கு நான் வரமாட்டேன்."