கெலுலுட் வீடு திரும்பும் நேரம்

கேண்டீன் வேலை முடிந்து தம்போயில் உள்ள தன் வீட்டு வாசலுக்கு வந்த சந்திரமதிக்குச் செருப்பைக் கழற்றவும் தோன்றவில்லை. கெலுலுட் குடியிருக்கும் மரக்கட்டையைக் காணோம். அது இருந்த முக்காலிக்கு மேலே, கொட்டத் தெரியாத அந்தக் கறுப்புக் குட்டித் தேனீக்கள் கூட்டமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தன.

"என்னங்க! எங்க என் கட்டை?"

கணவர் ரூபேந்திரன் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்.

"பயப்படாத மதி. சாயங்காலம் நம்ம தாமான்ல எல்லாத் தெருவுலயும் கொசுப்புகை அடிக்கிறாங்களாம். மத்தியானமே தூக்கிட்டுப் போயி, குசினியில வச்சு, ஈரச்சாக்கு போட்டு மூடிட்டேன். எப்படி?"

"அலமாக்! மத்தியானத்துலயா? பாதிப் பேரு பூவுக்குப் போயிருக்கிற நேரம்! வேலைக்குப் போயிட்டு வந்து, வீட்டைக் காணோம்னா நீங்க எங்க போவீங்க?"

"ரொட்டி சானாய் கடைக்கு."

"சிரிக்காதீங்க. அதுங்களுக்கு இந்த இடம்தான் தெரியும். புகை வந்தா வெளிய நிக்கிறது அத்தனையும் செத்துரும்."

அவர் சிரிப்பு அடங்கியது. இருவருமாகக் கட்டையைத் தூக்கிவந்து, தேனீக்கள் நுழையும் மெழுகு வாய் பழையபடி தெருவைப் பார்க்க வைத்தார்கள். சுற்றியவை ஒவ்வொன்றாக நுழைந்தன. ஆனால் தூரம் போனவை இருட்டும்போதுதான் வரும். தெருமுனையிலோ புகை இயந்திரம் உறுமத் தொடங்கிவிட்டது.

பக்கத்து வீட்டு பேட்ரிசியா வேலியோரம் வந்தாள். டெங்கியில் படுத்த அவள் மகன் நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தான்.

"ஏன்க்கா மூஞ்சி இப்படி இருக்கு?"

"எல்லாம் வீடு வந்து சேரல பேட்ரி. அதுவரைக்கும் கட்டை வாயை அடைக்க முடியாது."

"அப்ப புகை வேணாங்கிறீங்களா?"

"ஐயையோ, உன் மகன் கிடந்த கோலத்தைப் பாத்தவ நான். நல்லா அடிக்கட்டும். கொஞ்சம் பொறுத்து அடிச்சா போதும்."

பேட்ரிசியா தன் வேலிக்கொடியைத் திரும்பிப் பார்த்தாள். "இதுங்க வந்தப்புறம்தான் என் பாவக்கா காய்ச்சுது. அதுக்கு முன்ன வெறும் பூதான். இருங்க வரேன்."

தெருமுனைக்கு ஓடினாள். முகமூடி போட்ட ஆளிடம் கையை ஆட்டி ஆட்டி மலாயில் பேசினாள். மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"பின்வரிசையெல்லாம் முடிச்சிட்டு, கடைசியாத்தான் இங்க வருவாங்க. தேன் தரேன்னு சொல்லியிருக்கேன் லா."

"யாரு தேனு?"

"உங்க தேனுதான்!"

வானம் மங்கியது. மகரந்தம் சுமந்த கால்களோடு ஒன்று, இரண்டு, பிறகு ஒன்றுமில்லை. சந்திரமதி இன்னும் கொஞ்சம் காத்திருந்து வலைத்துணியால் வாயைக் கட்டினாள். கட்டை குசினிக்குள் போனது. கதவிடுக்கில் ஈரத்துணி செருகினார்கள். புகை வந்து, வெள்ளையாய்த் தெருவை மூடி, கலைந்தது.

காலையில் முக்காலியைக் கழுவித் துடைத்து, கட்டையை வைத்து, வலையை அவிழ்த்தாள். ஒன்றும் வெளியே வரவில்லை. காதை வைத்துக் கேட்டாள். ரூபேந்திரனும் பக்கத்தில் வந்து குனிந்தார்.

மெழுகு வாயில் ஏதோ அசைந்தது. செத்த தேனீ ஒன்றை இன்னொன்று இழுத்துவந்து கீழே தள்ளியது.

"போச்சா மதி?"

"எங்க போச்சு? வீடு கூட்டுதுங்க. உசுரோட இருக்கிறவங்கதானே கூட்டுவாங்க!"

தள்ளியது உள்ளே திரும்பியது. அதை இடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து வெளியே பாய்ந்து, வெயிலுக்குள் போயின.

"போங்க, போய்த் தேத்தண்ணி போடுங்க," என்றாள் சந்திரமதி, அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்தபடி. "இன்னிக்கு நான் வேலைக்கு லேட்டு."