பாத்துக்கிறேன்

அண்ணன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "அம்மாவ நான் பாத்துக்கிறேன்." அதை நம்பித்தான் தங்கை, வீட்டில் தன் பங்கு வேண்டாமென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அது ஆயிற்று ஐந்து வருஷம். பத்திரத்தில் அளவு, எல்லை, கதவு எண் எல்லாம் இருந்தன. அந்த வார்த்தை மட்டும் இல்லை. கூடப் பிறந்தவனிடம் போய் அதையெல்லாம் எழுதியா வாங்குவார்கள்?

அவளுக்குச் சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலை. அங்கேயும் இதே வார்த்தைதான் புழங்கும். லீவு கேட்டால் முதலாளி "பாக்கலாம்" என்பார். கிடையாது என்று அர்த்தம். சட்டை லேசாகக் கருகினால் "பாத்துப் போடக் கூடாதா?" ஏதாவது பதில் சொன்னால் "உன் வேலயப் பாரு." இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அண்ணன் வாயிலிருந்து வந்தபோதுதான் கோட்டை விட்டாள்.

போன மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மகன் கூடத்தில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டது காதில் விழுந்தும் விளம்பரம் வரும்வரை எழுந்திருக்கவில்லை. இதை அம்மாவேதான் சொன்னாள், அதுவும் குறையாக இல்லை. "பாவம்டி, நல்ல கட்டம் போலிருக்கு. விளம்பரம் போட்டதும் ஓடியாந்துட்டான்." சொன்ன சொல் தவறாத உத்தமன் அவன். ஐந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தான், டிவியை.

இடுப்பில் ஆபரேஷன் முடிந்து இன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நர்ஸ் ஒரு தாளோடு வந்து நின்றாள்.

"மூணு மாசம் படுக்கைதான். கூட இருந்து யாரு பாத்துக்கப் போறீங்க? பேரு எழுதணும்."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "பாக்கலாம் சிஸ்டர். ஏதாவது நல்ல ஹோமா பாக்கணும்."

தங்கை இருப்பது மாடியில் ஒற்றை அறை. அம்மாவைக் கொண்டுபோனால் கடை வேலை போய்விடும். "அன்னைக்கு என்ன சொன்னே நீ?" என்றாள்.

"பாத்துக்கிறேன்னு சொன்னேன். வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கிறேன்னு எப்பச் சொன்னேன்?"

கட்டிலில் அம்மா கண்ணை மூடிக் கிடந்தாள். ஹோமில் விட்டால் அவள் ஒரு வாரம் தாங்க மாட்டாள், அது மகளுக்குத் தெரியும்.

"நான் பாத்துக்கிறேன், எழுதிக்குங்க," என்றாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "உன்னையும் பாத்துக்கிறேன்."

அவன் முகம் செத்துப்போயிற்று. இந்தத் தடவை அவனுக்கு அர்த்தம் சுத்தமாகப் புரிந்துவிட்டது. பத்திரம், கோர்ட்டு, வக்கீல் எல்லாம் அவன் கண்ணில் வந்து போயின. அவள் மனதிலும் அவைதான் இருந்தன.

அம்மா கண்ணைத் திறந்தாள். மகளின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"ஆமாடி, அவனையும் பாத்துக்கோ. சூதுவாது தெரியாத புள்ள."

மகள் கையை உருவப் பார்த்தாள்.

"பாத்துக்கிறேன்னு சொல்லுடி." பிடித்த கையை அம்மா விடுவதாக இல்லை.

"பாத்துக்கிறேம்மா."

அண்ணன் நன்றாக மூச்சு விட்டான். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டான்.

"மாடிப் படியில பாத்துத் தூக்கிட்டுப் போ," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.