பசை போட்ட மரை

கெலமங்கலம் சாலையில் இருந்த அந்த ரிசார்ட்டுக்கு, பெங்களூர் கம்பெனிக்காரர்கள் பெயின்ட்பால் விளையாட வருவார்கள். சிலிண்டர் கேஸின் வேகத்தில் பெயின்ட் உருண்டைகளைச் சுடும் அந்தத் துப்பாக்கிகள் முனிலட்சுமியின் பொறுப்பு. பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவள், அதிகம் பேசமாட்டாள். பைக் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்து வீட்டில் கிடந்த அண்ணன் ஆனந்தராஜை அவள்தான் சொல்லி இங்கே சேர்த்துவிட்டிருந்தாள்.

அன்று காலை ஒரு துப்பாக்கியில், சிலிண்டர் வந்து சேரும் இடத்தில் கேஸ் கசிந்தது. ரப்பர் வளையம் போயிருக்கும். அவள் புதியது எடுத்துவருவதற்குள் ஆனந்தராஜ் கசிவை நிறுத்திவிட்டிருந்தான். எப்படி என்று அவளும் கேட்கவில்லை.

மதியம் அடுத்த குழு வந்து நின்றது. ஆனந்தராஜ் துப்பாக்கியைத் தொடையிடுக்கில் வைத்து, சிலிண்டரைக் கழற்ற முறுக்கினான்.

"உடும்பாட்டம் புடிச்சிருக்கு பாப்பா."

"என்னண்ணா போட்ட?"

"பைக் கம்பெனி லைன்ல போல்ட்டுக்குப் போடுற பசைதான். மரையப் பாத்தா ஒரு சொட்டு வெக்காம கை நிக்காது. பாரு, திரும்புது!"

சிலிண்டர் திரும்பியது. அதன் கழுத்தில் இருந்த வால்வு திரும்பவில்லை. கழன்றால் தெரியட்டும் என்று இரண்டுக்கும் சேர்த்து அவள் நகப்பூச்சால் இழுத்திருந்த கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வால்வு துப்பாக்கியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சிலிண்டர்தான் வால்வை விட்டுக் கழன்றுகொண்டிருக்கிறது, உள்ளே கேஸ் அப்படியே இருக்க. முழுக்கக் கழன்றால் குண்டாகப் பாயும். நேரே அண்ணனின் வயிறு.

"அண்ணா, கைய எடு!"

"இரு, இன்னும் ஒரு சுத்து..."

"எடுடா!"

அவனை அவள் 'டா' போட்டதே இல்லை. அவன் கை நின்றது. சிலிண்டரின் கழுத்து சீறத் தொடங்கியது.

"கழட்டவும் வேணாம், இறுக்கவும் வேணாம். தள்ளிப் போ."

துப்பாக்கியை மெல்ல உருவி, சிலிண்டரின் அடிப்பக்கம் மண்மேட்டைப் பார்க்கும்படி ஆட்டக்காரர்கள் மறைந்துகொள்ள அடுக்கியிருந்த டயர்களுக்கு நடுவே கிடத்தினாள். பக்கவாட்டில் படுத்து விசையை அழுத்தினாள். கேஸ் தீரவேண்டும், வேறு வழியில்லை. மறுபடி, மறுபடி. மஞ்சள் பெயின்ட் வேலியெங்கும் சிதறியது.

"மேடம், எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்க!" என்று ஒருவன் கன்னடத்தில் கத்த, கூட்டம் சிரித்தது.

சிலிண்டரில் வெண்பனி படிந்தது. சீறல் நிற்கவில்லை. தீர்ந்துவிடு, தீர்ந்துவிடு என்று அவள் உதடு முணுமுணுத்தது. சத்தம் கம்மி, இருமலாகி, அடங்கியது. கடைசி மரையில் ஒட்டிக்கொண்டிருந்த சிலிண்டர் தானாகவே கழன்று மண்ணில் உருண்டது.

அவள் விரல் மட்டும் வெறும் விசையை அழுத்திக்கொண்டே இருந்தது. ஆனந்தராஜ் பக்கத்தில் மண்டியிட்டு, ஒவ்வொரு விரலாகத் துப்பாக்கியிலிருந்து பிரித்தெடுத்தான்.