எழுந்து போகாத குழந்தை

முயல் ஒன்று கண்ணை உருட்டிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணியது. மூன்று என்பதற்குள் கேரட் வெடித்து, திரை முழுக்கச் சிவந்து, யாரோ கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். சரிதா ஹெட்போனைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு, 'ஐந்து வயதுக்குக் கீழ் பொருத்தமில்லை' என்ற கட்டத்தைத் தட்டினாள். காரணம் கேட்ட இடத்தில் 'அதிக வேகம், அதிகச் சத்தம்' என்று போட்டாள். அடுத்த வீடியோ தானாக வந்து நின்றது.

ராசிபுரத்தில் ஒரு சிமெண்ட் கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். இருபது பெண்கள், இருபது கம்ப்யூட்டர்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் குட்டி வீடியோக்களை எங்கோ இருக்கிற கம்பெனி ஒன்று வண்டி வண்டியாக அனுப்பும். ஒவ்வொன்றும் குழந்தைக்கு ஆகுமா ஆகாதா என்று இவர்கள் சொல்ல வேண்டும். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, கல்யாணமாகி வெண்ணந்தூரில் தறிச் சத்தத்துக்குள் போய் அடைந்திருந்த சரிதாவுக்கு இந்த வேலை கிடைத்ததும் நீதிபதி நாற்காலியே கிடைத்த மாதிரிதான் இருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பிள்ளை போன் பார்த்தால்கூட, "இத்தன வேகமா ஓடறதயெல்லாம் காட்டாதீங்க" என்று தாய்க்காரியிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள்.

ஆடி மாதக் கடைசியில் சூப்பர்வைசர் சபரிநாதன் எல்லோரையும் கூப்பிட்டான். சரிதாவைவிட இரண்டு வயது இளையவன், மரியாதை தெரிந்த பையன்.

"காண்ட்ராக்ட் அடுத்த மாசத்தோட முடியுதுங்க. அதுக்கப்புறம் பன்னெண்டு பேர் போதுமுன்னு சொல்றாங்க. ஊட்ல அஞ்சு வயசுக்குள்ள குழந்தை இருக்கறவங்களுக்குத்தான் முதல்ல. காண்ட்ராக்ட் முடியற வரைக்கும் ஆபீஸ் வேலை எப்பவும் போல. அதோட நாளையிலருந்து தினம் பத்து வீடியோ போனுக்கு வரும். குழந்தைகிட்டக் காட்டுங்க. எத்தன செகண்டு பாத்துச்சு, நடுவுல எந்திரிச்சுப் போச்சா இல்லையா, அவ்வளவுதான் எழுதணும்."

"ஆகுமா ஆகாதான்னு நாம போட வேண்டாமுங்களா சார்?" என்று கேட்டாள் சரிதா.

"அத இனிமே குழந்தைங்களே சொல்லிருமுங்க."

சரிதாவின் மகள் தமிழினிக்கு மூன்றரை வயது. வீட்டில் கூலிக்கு ஓட்டும் தறி நான்கு. தறிக்கும் சமையல் இடத்துக்கும் நடுவில் கதவில்லாத ஒரு வாசல்தான். போன வருடம் பக்கத்துத் தெருவில் ஓடும் தறியிலிருந்து, நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாக் கட்டை தெறித்து ஒரு குழந்தையின் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து, சாயங்காலம் அவள் கணவன் காளிதாஸ் தறி ஓட்ட, சரிதா நாடாவுக்குள் போடும் குச்சியில் நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கும் இரண்டு மணி நேரமும், பழைய சேலைக் கிழிசலைத் தமிழினியின் இடுப்பில் சுற்றிக் கட்டில் காலோடு கட்டிவிடுவார்கள். அந்தத் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. துணியின் நீளம் தண்ணீர்க் குடம் வரைக்கும் போகும், தறி வரைக்கும் போகாது. முன்பெல்லாம் தமிழினி முறுக்கிக்கொண்டு அழுவாள். போன் கைக்கு வந்த பிறகு அழுகை நின்றுவிட்டது.

முதல் நாள் ஐந்தாவதாக வந்தது அதே முயல். தமிழினி கண் சிமிட்டாமல் நாற்பத்தெட்டு செகண்டும் பார்த்தாள். கேரட் வெடித்தபோது தோள் ஒரு தடவை தூக்கிப்போட்டது. பார்வை மட்டும் நகரவில்லை. 'நடுவில் எழுந்து போனதா?' என்று போன் கேட்டது. ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். கட்டிப்போட்ட பிள்ளை எங்கே எழுந்து போகும்? சரிதா 'இல்லை' என்பதைத் தட்டினாள். பொய் ஒன்றும் இல்லையே என்று சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே அவளுக்கு அவமானமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து சபரிநாதன் சுவரில் பெரிதாக ஒரு வரைபடம் போட்டுக் காட்டினான்.

"எல்லாக் குழந்தைங்களும் அஞ்சாவது ஆறாவது வீடியோவுல எந்திரிச்சிருச்சுங்க. தமிழினி மட்டும் இருநூத்திப் பத்துலயும் ஒருக்கா கூட எந்திரிக்கல. கைதட்டுங்க! அந்த முயல் வீடியோ இருக்குதில்லங்க, நாம எல்லாரும் வேண்டாமுன்னு போட்டது? தமிழினி தயவுல பாஸாயிருச்சு. மூணு வயசுக்கே பொருத்தமாம்."

எல்லோரும் திரும்பிச் சரிதாவைப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்காரும் ரஞ்சிதா அவள் கையைப் பிடித்தாள். "எம்பட பையன் ஒரு எடத்துல நிக்க மாட்டீங்கறானக்கா. நீங்க என்னதான் பண்றீங்க?"

"எல்லாம் பழக்கந்தான்," என்றாள் சரிதா. காது மடல் இரண்டும் சுட்டன.

"ஒரே ஒரு உதவிங்க," என்றான் சபரிநாதன். "பாப்பா பாக்கறத ஒரு நிமிசம் வீடியோ எடுத்துட்டு வந்துருங்க. முழு உருவமும் தெரியணும். மத்த தாய்மாருங்களுக்குக் காட்டணுமாம். அது வந்துட்டா உங்க பேரு பன்னெண்டுல உறுதிங்க."

கூட்டம் கலைந்ததும் சரிதா அவன் மேஜைக்குப் போனாள். "சார், எங்கூட்ல தறி ஓடுதுங்க. அதனால பாப்பாவ..."

"சத்தமுங்களா? அத வீடியோவுலருந்து நாங்க எடுத்துடறோமுங்க."

"ஆமாங்க. சத்தந்தான்," என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினாள். அன்று முழுக்க எந்த வீடியோவையும் பொருத்தமில்லை என்று தட்ட அவளுக்குக் கை வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் காளிதாஸிடம் கேட்டாள். "ஏனுங்க, ஒரு அஞ்சு நிமிசம் தறிய நிறுத்துங்க. பாப்பாவக் கட்டாம ஒருக்கா எடுத்துப் பாக்கறேன்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே நான்கையும் நிறுத்தினான். சரிதா தமிழினியைக் கட்டிலோரம் உட்கார வைத்து ஒரு போனைக் கையில் கொடுத்தாள். எதிரே குடத்தின்மேல் காளிதாஸின் போனைச் சாய்த்து வைத்தாள். முயல் ஒன்று என்றது. தமிழினி இடுப்பைத் தடவிப் பார்த்தாள். முயல் இரண்டு என்பதற்குள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். நேராக வாசலைத் தாண்டிப்போய், தறியில் நின்றிருந்த துணியின்மேல் உள்ளங்கையை வைத்து, திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் அதேதான்.

காளிதாஸ் மகளைத் தூக்கி வந்து விட்டான். "இது ஆவற காரியமில்ல புள்ள. காலைல துணி எடுக்க ஆளு வந்துருவாங்க, தறி ஓடோணும். கட்டிட்டே எடு. முடிச்சக் கவுனுக்குள்ள உட்டுட்டா ஆருக்குத் தெரியப் போவுது?"

தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. சரிதா சேலைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தாள். விட்டுவிட்டு இதே வாசலில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தார் சுற்றினால் மட்டும் இந்தத் துணி அவிழ்ந்துவிடுமா என்றும் நினைத்தாள். மகளின் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

"அம்மா, கட்டு," என்றாள் தமிழினி. இரண்டு கையாலும் கவுனைத் தூக்கிப் பிடித்து, வயிற்றை எக்கிக்கொண்டு, முடிச்சுப் போட வாகாக அவள் முன்னால் வந்து நின்றாள்.