தும்மலுக்குப் பறந்த கோழி

புல்வெளியில் மட்டுமே வாழும் அரிய பறவையான புல்கோழியைக் கணக்கெடுக்க ஆண்டுக்கு ஐந்து காலைகள்தான். பன்னிரண்டு இடங்களில் ஜீப்பை நிறுத்தி, ஒலிபெருக்கியில் ஆண் பறவையின் குரலைப் போட வேண்டும். இன்னொரு ஆண் இருந்தால் சும்மா விடாது. என் எல்லைக்குள் எவன்டா அது என்று பதிலுக்குக் கத்தும். ஐந்து காலையும் பதில் வராவிட்டால், குஞ்சு பொரிக்கும் இடங்களின் பட்டியலிலிருந்து அந்தப் புல்வெளியை எடுத்துவிடுவார்கள். அடுத்த மாதமே உழவு டிராக்டர் வந்து நிற்கும்.

கணக்கெடுப்பவளுக்கு இது பதினோராவது ஆண்டு. ஜீப் ஓட்டுவது அவளுடைய சொந்த அண்ணன். இந்தப் புல்வெளியில் முதல் ஆண்டு முப்பது ஆண் பறவைகள். போன ஆண்டு இரண்டு. இந்த ஆண்டு நான்கு காலைகள் போய்விட்டன, ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் யார் பேசினாலும் எரிந்து விழுந்தாள்.

அவர்கள் போடும் குரல், முதல் ஆண்டு இதே புல்வெளியில் அவளே பதிவு செய்தது. அதில் ஒரு கூத்து உண்டு. பறவை மூன்று முறை கூப்பிடும். உடனே அண்ணன் இடி விழுந்ததுபோல் தும்முவான். பறவை படபடவென்று பறந்துவிடும். "ஊர்ல இருக்கிற தூசியெல்லாம் உன் மூக்குக்குத்தானா அண்ணா?" என்று அன்று திட்டித் தீர்த்தாள். தும்மலை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத்தான் இத்தனை ஆண்டுகளாகப் போடுகிறாள்.

ஐந்தாம் காலை, கடைசி இடம்.

"நீ போட்டுக்கிட்டிரு. நான் அந்த மேட்டுப் பக்கம் பார்த்துட்டு வரேன்" என்று அண்ணன் நடந்தான்.

அவள் குரலைப் போட்டாள். நிறுத்தினாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படிவத்தில் 'ஆண், ஒன்று' என்று எழுதும்போதே கண் நிறைந்தது. இரண்டாவது முறை கூப்பிட்டது. மூன்றாவது முறை. அப்புறம் ஒரு தும்மல், சிறகுகளின் படபடப்பு.

பேனாவை மூடி வைத்தாள்.

அண்ணன் கைபேசியும் கையுமாகத் திருடன்போல வந்து நின்றான். "வெட்டாத பழைய பதிவு என்கிட்ட இருந்துச்சு. தும்மலுக்கு முன்னாடி நிறுத்தத்தான் பார்த்தேன், சனியன், கை வழுக்கிடுச்சு. ஒரு வாரமா நீ சரியா சாப்பிடவே இல்லையேம்மா. ஒண்ணுன்னு எழுதினா யாருக்கு என்ன நஷ்டம்? புல்லாவது பிழைக்கும்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது, வந்த வேகத்தில் அடங்கியது. அவளுக்காகத்தானே செய்தான், பாவி. எழுதியதை அப்படியே விட்டுவிட்டால் போதும், யாரும் கேட்கப்போவதில்லை. அவள் மனமும் ஒரு நிமிடம் ஆடத்தான் செய்தது.

"கூடுகளுக்குக் காவலா இருக்கிறது ஒரே ஆளு அண்ணா. ஆத்துக்கு அந்தப் பக்கம் நாலு ஜோடி நிஜமாவே முட்டை வெச்சிருக்கு. இங்க ஒண்ணுன்னு எழுதினா, அந்த ஆளைப் பாதி நாள் இங்க அனுப்பிடுவாங்க. அவன் இங்க வெறும் புல்லுக்குக் காவல் இருப்பான், அங்க நாய் முட்டையைத் தின்னும்."

அவள் 'ஒன்று' என்பதை அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினாள். சாட்சிக் கட்டத்தில் அவனும் கையெழுத்துப் போட்டான்.

ஜீப் கதவை அவள் அறைந்து சாத்தியதில் தூசி கிளம்பியது. அண்ணன் தும்மினான், அதே இடித் தும்மல். இருவரும் சட்டென்று புல்லைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எதுவும் பறக்கவில்லை.