கருஞ்சிவப்பில் ஒரு சீசன்

வார்ப்படப் பட்டறை அணி கால்பந்து லீக்கில் சேர்ந்த வருஷம், பதினோரு பேருக்கும் ஒரே நிறத்தில் எண் போட்ட சட்டை இல்லாவிட்டால் மைதானத்துக்குள் விடமாட்டோம் என்று கமிட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அதுவரை பட்டறைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் கிழிந்த பனியனோடும் வெறும் உடம்போடும் ஆடியவர்கள் அவர்கள். கேப்டன் நேராகத் தன் தங்கையிடம் போய் நின்றான். அவனை எல்லாரும் சம்மட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். உருகிய இரும்பை அச்சில் ஊற்றுகிற வேலை. வாசலில் நின்றால் உள்ளே வெளிச்சம் வராது. தங்கை கடைத்தெருவில் ஒரே ஒரு மெஷினை வைத்துத் தையல்கடை நடத்தினாள். அவள் புருஷனும் அதே பட்டறையில்தான் வேலை பார்த்தான். அவன்தான் அணியின் கோல்கீப்பர்.

அண்ணன் கொண்டுவந்து போட்ட துணியைப் பார்த்துத் தையல்காரி முகத்தைச் சுளித்தாள்.

"வெள்ளையாண்ணா? முதல் ஆட்டத்துலயே அழுக்காயிடுமே."

"கிடைச்சது இதுதான். அழுக்காகாம ஆடுறதுக்கு நாங்க என்ன சீட்டாட்டமா ஆடப் போறோம்? தைச்சுக் குடு."

நான்கு நாளில் தைத்துக் கொடுத்தாள். முதுகில் கறுப்புத் துணியில் எண்களை வெட்டி ஒட்டித் தைத்தாள். மூன்றாம் எண் மட்டும் சற்றுக் கோணிக்கொண்டது. அதைப் போட்டவன் கடைசிவரை அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தான்.

முதல் ஏழு ஆட்டங்களில் ஐந்தில் தோற்றார்கள். எட்டாவது ஆட்டம் பஸ் டிப்போ அணியோடு, அவர்களுடைய மைதானத்தில். டிப்போக்காரர்களுக்கு நீலச் சட்டை. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. தையல்காரியின் புருஷன் இடது பக்கம் பாய்ந்து பந்தைப் பிடித்துவிட்டான். பிடித்தவன் எழுந்திருப்பதற்குள் கூட்டம் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

யார் எதால் அடித்தார்கள் என்று பிறகு யாருக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. ஒருவன் கையில் சைக்கிள் செயின் இருந்தது. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தவனின் தாடையில் அது சுற்றி விழுந்தது. அவன் பந்தை விடவில்லை. இரண்டாவது அடியில்தான் விட்டான். சம்மட்டி நான்கு பேரைப் பிய்த்து எறிந்துவிட்டு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு அணி வந்த லாரிவரை ஓடினான். பின்னாலேயே கல் வந்து விழுந்தபடி இருந்தது.

டாக்டர் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார். ஒன்றரை மாதம் கஞ்சிதான். தையல்காரி பதினோரு சட்டைகளையும் தொட்டியில் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டாள். மூன்று முறை தண்ணீர் மாற்றினாள். எட்டுச் சட்டைகள் வெளுத்தன. மூன்றில் கறை போகவே இல்லை.

சம்மட்டி தொட்டியருகே வந்து நின்று பார்த்தான்.

"எல்லாத்துக்கும் கருஞ்சிவப்புச் சாயம் போட்டுடு."

"எதுக்குண்ணா?"

"ரத்தம் வந்தா ரெஃப்ரி வெளிய போகச் சொல்றான். எதிராளிக்கும் குஷியாயிடுது. இனிமே நம்ம ரத்தத்தை எவனும் பார்க்கக் கூடாது."

அவளுக்கும் அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பக்கத்து அறையில் புருஷன் கம்பி கட்டிய வாயால் முனகிக்கொண்டிருந்தான். சாயத்தைக் கொதிக்கவைத்து அவளே கிளறினாள்.

இரண்டாம் வருஷம் கருஞ்சிவப்பில் இறங்கினார்கள். முதல் ஐந்து ஆட்டமும் வெற்றி. ஊரே வாயைப் பிளந்தது. ஆனால் சட்டைகள் வீட்டுக்கு வரும்போது தையல்காரிக்கு வேறொன்று தெரிந்தது. முன்பெல்லாம் கழுத்தும் அக்குளும் கிழிந்து வரும். இப்போது கிழிசலே குறைவு. ஆனால் கை முட்டியிலும் மார்பிலும் துணி விறைத்துக் காய்ந்திருந்தது. தண்ணீரில் போட்டால் சாயமா ரத்தமா என்று பிரிக்க முடியாதபடி தொட்டி சிவந்தது. அடி வாங்குகிற அணியாக இருந்தவர்கள் அடிக்கிற அணியாகிவிட்டார்கள்.

புருஷனிடம் கேட்டாள். தாடை கூடிவிட்டாலும் அவன் பேச்சு கொழகொழத்துத்தான் வந்தது.

"நான் கோல்ல நிக்குறேன். முன்னால நடக்குறது எனக்கெப்படித் தெரியும்?" என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

டிப்போ அணி இவர்கள் மைதானத்துக்கு வந்த நாளில் தையல்காரியும் போயிருந்தாள். டிப்போவின் வலது ஓரத்தில் ஓடுகிறவனுக்கு வெட்டுக்கிளி என்று பெயர் வைத்திருந்தார்கள். டயர் மாட்டுகிற வேலை செய்பவன், ஒல்லி, தரையில் கால் பாவாது. அரை நேரத்துக்குள் இரண்டு கோல் போட்டுவிட்டான். இடைவேளையில் தையல்காரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒருவனுடைய கிழிந்த காலரை, சட்டையைக் கழற்றாமலே, தைத்துக்கொண்டிருந்தாள். தலைக்குமேல் அண்ணனின் குரல் கேட்டது.

"அந்த வெட்டுக்கிளி இன்னைக்கு நடந்து வீட்டுக்குப் போகக் கூடாது. அவனை எங்கிட்ட விட்டுடுங்க."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், அவ்வளவுதான்.

இடைவேளை முடிந்து கால் மணி நேரம் இருக்கும். பந்து வெட்டுக்கிளியின் காலை விட்டுப் போய் ஒரு நொடி கழிந்திருந்தது. சம்மட்டி இரண்டு காலையும் தூக்கிப் பாய்ந்தான். பூட்ஸின் அடி ஆணிகள் முழங்காலுக்குக் கீழே இறங்கின. விறகு முறிகிற சத்தம் மைதானத்தின் இந்தக் கோடிவரை கேட்டது. நீலக் காலுறையைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்திருந்தது. வெட்டுக்கிளி "அம்மா, அம்மா" என்று கத்தினான். பிறகு சத்தமே இல்லை. ரெஃப்ரி பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

"பந்துக்குத்தான் சார் போனேன்," என்று சம்மட்டி கையை விரித்தான். ஃபவுல் மட்டும் கொடுத்தார்கள்.

நான்காம் நாள் காலையில் கடையைத் திறந்து அவள் முதல் துணியை மெஷினில் வைத்தபோது ஒருவர் உள்ளே வந்தார். காக்கிச் சட்டை, கையில் டயர் கழற்றுகிற இரும்புக் கம்பி. வெட்டுக்கிளியின் அண்ணன், பஸ் டிரைவர்.

"அந்தச் சிவப்புச் சட்டையெல்லாம் தைச்சது நீதானே?"

பதில் சொல்ல அவர் விடவில்லை. முதல் அடியில் மெஷினின் சக்கரம் உடைந்தது. இரண்டாவது அடி கண்ணாடிப் பெட்டியில் விழுந்தது. மெஷினைக் காப்பாற்ற அவள் இடது கையை நீட்டினாள். மூன்றாவது அடி அந்தக் கையில் இறங்கியது. இரண்டு விரல்கள் அப்போதே மடங்கித் தொங்கின. வலி தலைக்கு ஏறுவதற்குள் அவள் வலது கை பெரிய கத்தரிக்கோலை எடுத்துவிட்டது. ஓங்கி அவர் தோளுக்குக் கீழே குத்தினாள். கம்பி கீழே விழுந்து உருண்டது.

இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். அவர் அப்படியே சுவரில் சரிந்து துணிக்குவியலில் உட்கார்ந்தார். தோளிலிருந்து விரல் நுனிவரை ரத்தம் வழிந்தது. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"காலை எடுத்துட்டாங்கம்மா," என்றார். "நேத்து சாயங்காலம் எடுத்துட்டாங்க. முழிச்சுப் பார்த்துட்டு, 'காலு அரிக்குது, சொறிஞ்சு விடுண்ணா'ங்கறான். நான் எதைச் சொறிஞ்சு விடுறது?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே போட்டாள். நல்லாயிருந்த கையாலும் பல்லாலும் ஒரு துண்டுத் துணியைக் கிழித்து அவர் தோளைச் சுற்றி இறுக்கினாள். முடிச்சுப் போட ஒரு கை போதவில்லை. மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் செய்தி பட்டறைக்குப் போய்விட்டது. அவள் விரல்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் பத்துப் பேர் கம்பியும் சங்கிலியுமாக நின்றார்கள். நடுவில் அண்ணன்.

"என் தங்கச்சி மேல கை வச்சிருக்கான். இன்னைக்கு டிப்போவையே கொளுத்துறோம்."

"யாரும் போகக் கூடாது," என்றாள் அவள். "அவர் என்னை அடிச்சாரு, நான் அவரைக் குத்திட்டேன், அது தீர்ந்துபோச்சு. நீ செஞ்சதுதான் தீரலை. இடைவேளையில நீ சொன்னது என் காதுல விழுந்துச்சு. கமிட்டியில போய்ச் சொல்லப் போறேன்."

சம்மட்டி அறைந்தான். அவள் தொட்டியின் விளிம்பில் போய் மோதி விழுந்தாள். அடுத்த நொடி அவள் புருஷன் மச்சான்மேல் பாய்ந்திருந்தான். ஒருவரும் விலக்கவில்லை. இருவரும் மண்ணில் புரண்டார்கள். சம்மட்டியின் முழங்கை பழைய தாடையிலேயே விழுந்தது. தங்கை புருஷன் சம்மட்டியின் காதைக் கடித்துக் கிழித்தான். கடைசியில் மேலே உட்கார்ந்து கழுத்தை அழுத்திக்கொண்டு சம்மட்டி கத்தினான்:

"உனக்காகத்தான்டா செஞ்சேன்! உன் தாடைக்காகத்தான்டா!"

"நான் கேட்டேனா?" வாய் நிறைய ரத்தத்தோடு கீழே கிடந்தவன் சொன்னான். "ஒரு தடவையாவது உங்கிட்டக் கேட்டேனா மச்சான்?"

சம்மட்டியின் கை தளர்ந்தது. எழுந்து, காதைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கிப் போனான். மற்றவர்கள் கம்பிகளைச் சுவரோரமாக வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

தையல்காரி கமிட்டி முன்னால் போய் நின்று நடந்ததை நடந்தபடி சொன்னாள். இடைவேளையில் தான் வாயைத் திறக்காமல் இருந்ததையும் சொன்னாள். மூன்று பேர் மேஜைக்குப் பின்னால் எழுதிக்கொண்டார்கள். சம்மட்டிக்கு ஆயுள் தடை. அணியின் அந்த வருஷப் புள்ளிகள் அத்தனையும் ரத்து. நான்கு பேர் அவனோடு அணியை விட்டுப் போனார்கள். மீதிப் பேர் ஆள் சேர்த்து மூன்றாம் வருஷம் பச்சைச் சட்டையில் ஆடிக் கடைசி இடத்துக்கு வந்தார்கள். அந்தச் சட்டைகளை வேறொரு கடையில் தைத்தார்கள். அவளுடைய விரல்கள் கூடினாலும் மடங்கவில்லை. மெல்லிய துணியை இழுத்துப் பிடிக்க வராது.

வெட்டுக்கிளியை அவள் ஒரே ஒரு தடவை பார்க்கப் போனாள். கதவு வரை வந்த அவன் அம்மா, "நீ சொன்னது நல்லதும்மா. ஆனா உள்ள வர வேண்டாம்," என்று சொல்லிவிட்டாள்.

அண்ணன் பேச்சை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆன பிறகு, ஒரு நாள் அண்ணி தன் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள், பள்ளிக்கூடச் சீருடைக்கு அளவெடுக்க. தையல்காரி டேப்பை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தத்தில் அண்ணன் நிற்பது தெரிந்தது. தோள் இறங்கிப்போயிருந்தது.

"கை எப்படியிருக்குன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு," என்றாள் அண்ணி தாழ்ந்த குரலில்.

"அவரையே வந்து கேட்கச் சொல்லுங்க அண்ணி."

அண்ணி வாசலுக்குப் போய்க் கையை ஆட்டினாள். சம்மட்டி ஒரு காலைச் சாலையில் இறக்கினான். இரண்டு பக்கமும் பார்த்தான். ஒரு பஸ் வந்து நடுவில் நின்றது. அது போனபோது நிறுத்தத்தில் யாரும் இல்லை. தையல்காரி கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கையைத் தூக்கு கண்ணு," என்று அண்ணன் மகளிடம் சொல்லி அளவெடுக்க ஆரம்பித்தாள்.